மை காய்வதற்குள் எரிந்த நகரங்கள்

1965 ஆகஸ்ட் 11, புதன்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் பொழுது சாயும் நேரமாகியும் புழுக்கம் விடவில்லை. வீட்டுக்குள் இருக்க முடியாமல் ஜனம் வாசலிலும் நடைபாதையிலும் உட்கார்ந்திருந்தது. ஏழு மணி சுமாருக்கு நெடுஞ்சாலை ரோந்துக் காவலர் ஒருவர் பழைய ப்யூக் கார் ஒன்றை ஓரங்கட்டினார். ஓட்டி வந்தவர் மார்க்கெட் ஃப்ரை, 21 வயதுக் கறுப்பின இளைஞர். குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று சந்தேகம். கூடவே அவருடைய சகோதரரும் இருந்தார். வீடு கூப்பிடு தூரம்தான். யாரோ போய்ச் சொல்ல, அம்மா ஓடி வந்தார். வந்தவர் முதலில் திட்டியது போலீஸை அல்ல, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய மகனைத்தான்.

அதுவரை பெரிதாக ஒன்றுமில்லை. அப்புறம் யார் யாரை முதலில் தள்ளினார்கள் என்பதில் ஆளுக்கொரு கதை. லத்தி விழுந்தது, மூன்று பேரும் கைதானார்கள். வேடிக்கை பார்த்த கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தது. போலீஸ் கிளம்பும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணையும் பிடித்து இழுத்தார்கள். முடிதிருத்தும் கடையில் போட்டுக்கொள்ளும் தொளதொள மேலங்கியோடு அப்படியே வந்திருந்தவர் அவர். பார்த்தவர்களுக்கு வயிறு பெரிதாகத் தெரிந்தது. "கர்ப்பிணியைப் போலீஸ் அடித்துவிட்டது" என்ற பேச்சு தெருத்தெருவாகப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த ஆறு நாளில் வாட்ஸ் என்ற அந்தப் பகுதியிலும் சுற்றுப்புறத்திலும் 34 பேர் செத்தார்கள். ஆயிரத்துக்கும் மேல் காயம், கிட்டத்தட்ட 4,000 கைது, 4 கோடி டாலர் சொத்து நாசம். அடக்குவதற்கு நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படையினர் ஏறத்தாழ 14,000 பேர் வந்து இறங்க வேண்டியிருந்தது.

இதற்குச் சரியாக ஐந்து நாள் முன்னால், ஆகஸ்ட் 6 அன்று, வாஷிங்டனில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். மார்ட்டின் லூதர் கிங் பக்கத்தில் இருந்தார். நூறு வருடப் போராட்டத்தின் பலன் என்று உலகமே கொண்டாடியது. முந்தைய வருடக் கதையும் இதேதான். 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டம் வந்தது. இரண்டு வாரம் கழித்து நியூயார்க்கில் பணியில் இல்லாத ஒரு போலீஸ் அதிகாரி 15 வயதுக் கறுப்பினப் பையனைச் சுட்டுக் கொன்றார், ஹார்லெம் கொந்தளித்தது. ரோச்செஸ்டர், ஃபிலடெல்ஃபியா என்று அந்தக் கோடை முழுக்க நீண்டது.

அன்றைய வெள்ளை அமெரிக்கா இதைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கேட்டதை எல்லாம் கொடுத்தாச்சே, இன்னும் எதற்கு?" கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. கொடுத்தது யாருக்கு, எரிந்தது எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால்தான் அதிலுள்ள ஓட்டை தெரியும்.

சட்டங்கள் உடைத்தது தெற்கு மாநிலங்களின் பூட்டுகளை. மிசிசிப்பியில் வாக்களிக்க முடியாது, அலபாமாவில் வெள்ளையருக்கான உணவகத்தில் உட்கார முடியாது என்ற நிலையை அவை மாற்றின. எரிந்ததோ 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ், 1967இல் நியூஜெர்சியின் நியூவர்க், டெட்ராய்ட். அங்கே கறுப்பினத்தவர் ஏற்கெனவே வாக்களித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பேருந்தில் எந்த இருக்கையிலும் உட்காரலாம். 'கறுப்பருக்கு அனுமதி இல்லை' என்ற பலகை எங்கேயும் தொங்கவில்லை. ஆகவே 1964, 1965 சட்டங்கள் வந்த மறுநாள் காலையில் வாட்ஸில் ஒருவருடைய வாழ்க்கையில் மாறியது என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை. தொலைக்காட்சியில் வெற்றி, தெருவில் அதே போலீஸ் வண்டி.

தமிழில் 'இனக்கலவரம்' என்றதும் நம் கண்ணில் வரும் காட்சி வேறு. ஒரு இனத்தார் கும்பலாகத் திரண்டு இன்னொரு இனத்தாரின் வீடு தேடிப் போவது. இலங்கையில் 1983 ஜூலையைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. அமெரிக்காவிலும் முன்பு அப்படித்தான் நடந்தது. 1919இல் சிகாகோவில் மிச்சிகன் ஏரியில் மிதவையில் போன ஒரு கறுப்பினப் பையன் 'வெள்ளையர் பக்கத்து'த் தண்ணீருக்கு ஒதுங்கிவிட்டான் என்று கல்லெறிந்தார்கள், பையன் மூழ்கிப்போனான், அதைத் தொடர்ந்த மோதலில் 38 பேர் இறந்தார்கள். 1921இல் டல்சாவில் செழிப்பாக இருந்த கறுப்பினப் பேட்டையையே வெள்ளைக் கும்பல் எரித்தது. 1960களில் நடந்தது அந்த ரகமல்ல. கறுப்பினத்தவர் வெள்ளையர் வீடுகளைத் தேடிப் போகவில்லை. தங்கள் பகுதிக்குள்ளேயே போலீஸோடு மோதினார்கள், கடைகளை உடைத்தார்கள், கொளுத்தினார்கள். கலவரமா, எழுச்சியா, கிளர்ச்சியா என்ற பெயர்ச் சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை. கடையைச் சூறையாடுவதை எழுச்சி என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. ஆனால் 'கலவரம்' என்று சொல்லிவிட்டால் காரணம் தேடும் வேலை முடிந்துவிட்டதாக ஒரு எண்ணம் வந்துவிடுகிறது, அதுவும் தப்பு.

சரி, காரணத்துக்கு வருவோம். வறுமை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. வறுமை இருந்தது. ஆனால் தெற்கின் பருத்திக் காட்டில் அதைவிடக் கொடிய வறுமை இருந்தது, அங்கே இப்படி எரியவில்லை. என் கணிப்பில் வேர் இருப்பது வீட்டில். இன்னும் சொன்னால், வீட்டுப் பத்திரத்திலும் வங்கிக் கடன் விண்ணப்பத்திலும்.

முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, குடியிருக்க இடம்தான் கிடைக்கவில்லை. வெள்ளையர் பகுதிகளில் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதியிருப்பார்கள்: இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. அந்த நிபந்தனையை நீதிமன்றம் அமல்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1948இல்தான். அதற்குள் நகரங்களின் வடிவம் இறுகிவிட்டிருந்தது.

1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களை நான்கு நிறத்தில் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை பாதுகாப்பானது, சிவப்பு ஆபத்தானது. கறுப்பினத்தவர் வாழ்ந்த இடம் பெரும்பாலும் சிவப்பு. இப்போது எல்லாப் பழியையும் அந்த வரைபடத்தின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையான வேலையைச் செய்தது 1934இல் உருவான எஃப்.எச்.ஏ. என்ற மத்திய வீட்டுவசதி நிர்வாகம். அது நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை, வங்கி கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. உத்தரவாதம் இருந்தால் குறைந்த முன்பணம், நீண்ட தவணை, சின்ன வட்டி. அமெரிக்க நடுத்தர வர்க்கம் புறநகரில் வீடு வாங்கிய கதையே இதுதான். கறுப்பினத்தவர் இருக்கும் பகுதிக்கோ, அதை ஒட்டிய பகுதிக்கோ உத்தரவாதம் கிடையாது என்பது அதன் கையேட்டிலேயே எழுதியிருந்த விதி.

அந்த விதி செங்கல்லும் சிமெண்டுமாக மாறினால் எப்படி இருக்கும் என்று பார்க்க டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலைப் பக்கம் போக வேண்டும். 1941இல் அங்கே ஒரு மனை வியாபாரி வெள்ளையருக்காகக் குடியிருப்பு கட்ட நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பினத்தவர் வீடுகள் இருந்ததால் எஃப்.எச்.ஏ. மறுத்தது. அவர் இரண்டு பகுதிக்கும் நடுவில் ஆறு அடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவரை எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது. அந்தச் சுவரில் முள்கம்பி இல்லை, காவல் இல்லை, ஏறிக் குதிக்க விரும்பினால் யாரும் குதிக்கலாம். அது ஆளைத் தடுக்கக் கட்டிய சுவர் அல்ல, கடனைப் பிரிக்கக் கட்டியது. ஒரு பக்கத்து வீட்டுக்குச் சுலபக் கடன், மறுபக்கத்து வீட்டுக்குக் கதவடைப்பு. சுவர் இன்றும் நிற்கிறது.

கலிபோர்னியாவில் கதை இன்னும் வெளிப்படை. வீடு விற்பதில், வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாடு கூடாது என்று 1963இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அடுத்த வருடம் நவம்பரில் 'புரப்பொசிஷன் 14' என்ற பெயரில் அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்து, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ரத்துசெய்தார்கள். அதே தேர்தலில் அதே மாநிலம் சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவந்த ஜான்சனை அமோகமாக ஜெயிக்க வைத்தது. தெற்கில் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், எங்கள் தெருவில் மட்டும் குடிவராதீர்கள் என்பதுதான் அந்த இரட்டை வாக்கின் அர்த்தம். வாட்ஸ்காரர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஒன்பது மாதம் கழித்துத்தான் மார்க்கெட் ஃப்ரையின் கார் நிறுத்தப்பட்டது. வாட்ஸ் வழியாக ஓடிய கடைசி மின்ரயிலும் 1961இல் நின்றுபோயிருந்தது. கார் இல்லாதவர் நகரத்தின் மறுகோடியில் வேலை தேடுவதென்றால் பஸ் மாறி மாறிப் பாதி நாள் போய்விடும். பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிகூடக் கிடையாது, அது வந்தது 1972இல்.

இருந்த இடமாவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. 'நகரப் புதுப்பிப்பு' என்ற பெயரில் மத்திய அரசின் பணம் வந்தபோது முதலில் இடிந்தவை கறுப்பினப் பேட்டைகள். டெட்ராய்ட்டில் பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்று இரண்டு பகுதிகள் ஒட்டியிருந்தன. ஹேஸ்டிங்ஸ் தெரு முழுக்கக் கறுப்பினத்தவரின் கடைகளும் ஜாஸ் கூடங்களும் மருத்துவர் அறைகளுமாக இருந்தது. அந்தத் தெருவின் மேலேயே விரைவுச்சாலை வந்தது. வீடிழந்தவர்களில் பலர் 12ஆம் தெருவைச் சுற்றிய பகுதிக்கு வந்து நெருக்கியடித்தார்கள். 1967இல் அங்கே சதுர மைலுக்கு 21,000 பேர், நகரச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. நியூவர்க்கில் மருத்துவக் கல்லூரி கட்ட நகரின் நடுவில் 150 ஏக்கர் கறுப்பினக் குடியிருப்பைக் காலி செய்யத் திட்டம் போட்டார்கள். 1967 கோடையின் தொடக்கத்தில் அதற்கான பொது விசாரணைக் கூட்டங்கள் கத்தலும் கூச்சலுமாக நடந்துகொண்டிருந்தன. அதே சமயம் பள்ளிக் கல்வி வாரியத்தின் செயலாளர் பதவி காலியானது. மாநிலத்திலேயே முதன்முதலாகச் சான்றுபெற்ற கறுப்பினக் கணக்காளர் அதற்குத் தயாராக இருந்தார். மேயர் ஹ்யூ அடோனிசியோ ஆதரித்ததோ உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு நின்ற தன் கட்சிக்காரரை. இந்த மேயர் பிற்பாடு ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார் என்பது தனிக் கதை.

வேலை விஷயத்தில் நேரம்தான் எதிரி. தெற்கிலிருந்து வந்தவர்கள் தொழிற்சாலைக் கதவைத் தட்டிய காலமும் தொழிற்சாலைகள் ஊரைவிட்டுக் கிளம்பிய காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. 1947க்கும் 1963க்கும் இடையில் டெட்ராய்ட் நகரம் ஒரு லட்சத்துக்கும் மேலான தொழிற்சாலை வேலைகளை இழந்தது. சில தானியங்கி இயந்திரங்களுக்குப் போனவை, சில புறநகருக்குப் போனவை. புறநகரில் வேலை இருக்கிறது, அங்கே வீடு தரமாட்டார்கள். வீடு இருக்கும் இடத்தில் வேலை இல்லை. 'கடைசியாகச் சேர்ப்பார்கள், முதலில் நீக்குவார்கள்' என்பது கறுப்பினத் தொழிலாளர் வாயில் அன்றாடம் புழங்கிய வாசகம்.

கலவரத்தில் ஏன் கடைகள் எரிந்தன என்பதற்குப் பதிலும் வீட்டுச் சிறையிலேயே இருக்கிறது. வெளியே போய் வாங்க வழியில்லாதவரிடம் கடைக்காரர் சொன்னதுதான் விலை. வாஷிங்டன் நகரத்து மரச்சாமான், டிவி, ஃப்ரிட்ஜ் கடைகளை மத்திய வர்த்தக ஆணையம் ஆராய்ந்து 1968இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மொத்த விலையில் 100 டாலருக்குக் கடைக்காரர் வாங்கிய பொருள், பொதுவான கடைகளில் 159 டாலருக்கு விற்றது. ஏழைப் பகுதிக் கடைகளில் 255 டாலர். அங்கே பெரும்பாலும் தவணை வியாபாரம். ஒரு தவணை தவறினால் பொருளும் போகும், கட்டிய பணமும் போகும், வழக்கும் வரும். வாட்ஸில் சில கடைகளில் சாமானைத் தூக்குவதற்கு முன்னால் கடன் பேரேடுகளைத் தேடிக் கொளுத்தினார்கள் என்ற செய்தியை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

'தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொண்டார்கள்' என்று அன்று ஏளனம் செய்தார்கள். கடையும் கட்டடமும் பெரும்பாலும் வெளியாருடையவை என்பதை அந்த ஏளனம் கணக்கில் எடுக்கவில்லை. கறுப்பினக் கடைக்காரர்கள் கண்ணாடியில் 'சோல் பிரதர்' என்று எழுதி வைத்துக்கொண்டார்கள், நான் உங்களவன், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பல இடத்தில் அது காப்பாற்றியது. ஆனால் நெருப்புக்குப் படிக்கத் தெரியாதே. பக்கத்துக் கடையில் வைத்த தீ இந்தக் கடைக்கும் மாடியில் குடியிருந்த ஏழைக் குடும்பத்துக்கும் சேர்த்தே எரிந்தது. டெட்ராய்ட்டில் எரிந்ததும் சூறையாடப்பட்டதுமான கடைகள் இரண்டாயிரத்து ஐந்நூறு. அவற்றில் கறுப்பினத்தவர் கடைகளும் கணிசம்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் எலிக் கடியால் குழந்தைகள் அவதிப்பட்டதால், எலி ஒழிப்புக்கு இரண்டு வருடத்தில் 4 கோடி டாலர் ஒதுக்க ஒரு மசோதா வந்தது. 1967 ஜூலை 20 அன்று பிரதிநிதிகள் சபை அதை விவாதத்துக்கே எடுக்காமல் 207க்கு 176 என்ற கணக்கில் தள்ளியது. தள்ளியதுகூடப் பரவாயில்லை. 'சிவில் ரைட்ஸ்' போய் 'சிவில் ராட்ஸ்' வந்துவிட்டதா என்று சிலேடை பேசி, சபையே வயிறு குலுங்கச் சிரித்தது. டெட்ராய்ட் பற்றி எரிந்தது அடுத்த மூன்றாம் நாள். டெட்ராய்ட்காரர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் கிளம்பினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வாக்குரிமை வந்த பிறகும் தங்கள் குழந்தையைக் கடிக்கும் எலி அந்தச் சபைக்கு நகைச்சுவை என்ற நிலைமையைச் சொல்கிறேன்.

வீடு, வேலை, கடன், எலி என்று இத்தனை இருந்தும், ஒவ்வொரு நகரத்திலும் தீப்பொறி ஒரே இடத்திலிருந்துதான் பறந்தது: போலீஸ். ஹார்லெமில் துப்பாக்கிச் சூடு, வாட்ஸில் வண்டிச் சோதனை, நியூவர்க்கில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், டெட்ராய்ட்டில் ஒரு ரெய்டு. ஏன் எப்போதும் போலீஸ்? கடன் மறுத்த அதிகாரியை யாரும் பார்த்ததில்லை. வரைபடத்துக்குச் சிவப்பு பூசியவர் யாரென்று தெரியாது. விரைவுச்சாலைக்குக் கோடு போட்ட பொறியாளர் அந்தத் தெருவில் நடந்தவரே அல்ல. குப்பை வண்டிகூட நாள் தவறும். நாள் தவறாமல் அந்தத் தெருவுக்கு வந்த ஒரே அரசாங்கம் போலீஸ் கார்தான். அந்தச் சுவர் முழுவதற்கும் முகம் என்று ஒன்று இருந்தால் அது அவர்கள் முகமாகத்தான் இருந்தது.

டெட்ராய்ட்டில் மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர், போலீஸில் நூற்றுக்கு ஐந்து பேர். 'பிக் ஃபோர்' என்று ஒரு ரோந்துப் படை உண்டு. பெரிய கார், உள்ளே ஆஜானுபாகுவான நான்கு பேர். தெருமுனையில் நிற்கும் இளைஞர்களிடம் 'பாய்' (பொடியனே) என்று இளக்காரமாக அழைத்து அடையாளம் கேட்பார்கள், பதில் பிடிக்காவிட்டால் அடி. லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ் தலைவராக இருந்த வில்லியம் பார்க்கர், வாட்ஸில் கல்லெறிந்தவர்களை மிருகக்காட்சிசாலைக் குரங்குகளோடு ஒப்பிட்டுப் பேசினார். தலைவரே இப்படியென்றால் தெருவில் ரோந்து போனவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

நியூவர்க்கில் 1967 ஜூலை 12 இரவு. ஜான் ஸ்மித் என்ற டாக்ஸி ஓட்டுநர் போலீஸ் காரை முந்திப் போனார் என்று பிடித்து, அடித்து நிலையத்துக்குள் இழுத்துப் போனார்கள். நிலையத்துக்கு எதிரிலேயே ஹேய்ஸ் ஹோம்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. நடக்க முடியாத ஒருவரை இழுத்துப் போனதை ஜன்னலில் நின்றவர்கள் பார்த்தார்கள். 'அடித்தே கொன்றுவிட்டார்கள்' என்ற செய்தி டாக்ஸிகளின் ரேடியோவில் ஊர் சுற்றியது. ஸ்மித் சாகவில்லை. ஆனால் போலீஸ் அப்படிச் செய்திருக்கும் என்று ஊரே உடனே நம்பியது. வாட்ஸில் கர்ப்பிணி, இங்கே பிணம். வதந்தி பொய்தான், அதை நம்பவைத்த அனுபவம் பொய்யில்லை.

பதினோரு நாள் கழித்து, ஜூலை 23 ஞாயிறு விடிகாலை, டெட்ராய்ட். 12ஆம் தெருவும் கிளேர்மவுண்டும் சந்திக்கும் முனையில் ஒரு அச்சகம், அதன் மாடியில் நேரம் கடந்தும் சாராயம் ஓடும் திருட்டு மதுக்கூடம். 'பிளைண்ட் பிக்' என்பார்கள். கறுப்பினத்தவருக்குக் கௌரவமான கேளிக்கை இடங்கள் அரிதாக இருந்த காலத்தில் முளைத்த பழக்கம். போலீஸ் இருபது பேர்போல இருப்பார்கள் என்று நினைத்து நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே நுழைந்தது. இருந்தது எண்பத்துச் சொச்சம் பேர். வியட்நாமிலிருந்து திரும்பிய இரண்டு வீரர்களுக்கு விருந்து. எல்லோரையும் கைது செய்வது என்று முடிவெடுத்தார்கள். வண்டி போதவில்லை, ஒவ்வொரு நடையாக ஏற்றி முடிக்க ஒரு மணி நேரம். வெக்கையில் தூங்காத ஊர் தெருவில் கூடியது. கடைசி வண்டி கிளம்பும்போது ஒரு பாட்டில் பறந்து போலீஸ் காரின் பின்கண்ணாடியை உடைத்தது. அன்று பகலில் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கானியர்ஸ் கார்மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் கெஞ்சினார், கூச்சல் போட்டு இறக்கினார்கள். பேஸ்பால் நட்சத்திரம் வில்லி ஹார்ட்டன் ஆட்டம் முடிந்து அணிச் சீருடையோடேயே வந்து சொல்லிப் பார்த்தார். அவர் அந்தப் பகுதியோடு பழகியவர், கேட்டவர்கள் மரியாதையாக நடத்தினார்கள், கடை உடைப்பை மட்டும் நிறுத்தவில்லை.

டெட்ராய்ட்டில் 43 பேர் இறந்தார்கள், 33 பேர் கறுப்பினத்தவர். 7,200 பேருக்கு மேல் கைது. ராணுவத்தின் பாராசூட் படைகள் இறங்கிய பிறகே அடங்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கலவரக்காரர் கையால் சாகவில்லை, போலீஸ், நேஷனல் கார்டு குண்டுகளால் செத்தார்கள். வாட்ஸிலும் நியூவர்க்கிலும் இதே கதை. 'மாடியில் பதுங்கிச் சுடுகிறார்கள்' என்ற பயம் படையினரை ஆட்டிவைத்தது. நியூவர்க்கில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லக் கூடாதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டு நகரப் போலீஸ் இயக்குநர் ஓடிப்போய் விசாரித்தால், ஒரு இளம் நேஷனல் கார்டு வீரர், ஜன்னலில் நின்ற ஒருவரை உள்ளே போகச் செய்யத் தானே சுட்டதாகச் சொன்னார். இப்போது இந்தத் தெரு நெடுக நிற்கிற ஒவ்வொருவனும் எதிரி சுட்டான் என்று நினைப்பானே என்று தலையில் அடித்துக்கொண்டார் அதிகாரி. அப்படியே ஆனது. அந்த நகரத்தில் நேஷனல் கார்டும் மாநிலப் போலீஸும் சுட்ட குண்டுகள் 13,000க்கு மேல். டெட்ராய்ட்டில் இருட்டில் ஒருவர் சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கி என்று நினைத்து வீட்டைச் சுட்டதில் நாலு வயதுக் குழந்தை செத்தது.

கலவரம் செய்தது யார் என்ற கேள்விக்கு ஆட்சியாளர்கள் கையில் தயாராக இரண்டு பதில் இருந்தது. ஒன்று, காலிகள், நகரத்துக்குப் புதிதாக வந்து ஒட்டாதவர்கள். வாட்ஸை விசாரித்த, சிஐஏவின் முன்னாள் தலைவர் ஜான் மக்கோனின் குழு ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் பேசியது. இன்னொன்று, கம்யூனிஸ்ட் சதி. ஜான்சனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இரண்டும் நிற்கவில்லை. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் கலவரம் ஓய்ந்த கையோடு கறுப்பினப் பகுதிகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. கல்லூரி எட்டிப் பார்த்தவரும் பள்ளியை விட்டவரும் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்துகொண்டிருந்தார்கள். தெற்கிலிருந்து புதிதாக வந்தவர்களைவிட வடக்கிலேயே வளர்ந்தவர்கள்தான் அதிகம். எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. தெற்கிலிருந்து வந்த அப்பா, அங்கே பட்டதோடு ஒப்பிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வார். இங்கேயே பிறந்த மகனுக்கு ஒப்பிட அலபாமா இல்லை, எட்டு மைல் சாலைக்கு அப்பால் இருக்கும் பச்சைப் புல்வெளி வீடுகள்தான் இருந்தன.

இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட யோசிக்க வைக்கிறது. சீமோர் ஸ்பிலர்மன் என்ற சமூகவியலாளர் எந்த நகரம் அதிகம் எரிந்தது என்று கணக்குப் போட்டார். நகரத்தின் வேலையின்மை, வருமானம், வீட்டு நிலை எதை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கறுப்பின மக்கள்தொகை எவ்வளவு, நகரம் தெற்கில் இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டே போதுமானதாக இருந்தது. காரணங்கள் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவை எந்த ஒரு ஊரின் குறையும் அல்ல, நாடு முழுக்கப் பொதுவானவை, தொலைக்காட்சி வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தவை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் டெட்ராய்ட்டை விளக்கவே முடியாது. மேயர் ஜெரோம் கவானாவைத் தாராளவாதி என்று கறுப்பினத்தவரே ஜெயிக்க வைத்தார்கள், வாஷிங்டனின் வறுமை ஒழிப்புப் பணம் அங்கே கொட்டியது, மற்ற ஊர்களுக்கு முன்மாதிரி என்று பத்திரிகைகள் எழுதின. எரிந்ததில் அதுதான் பெரிது.

டெட்ராய்ட் எரிந்துகொண்டிருந்த அந்த வார இறுதிக்குள் ஜான்சன் ஒரு ஆணையம் அமைத்தார். இல்லினாய் கவர்னர் ஆட்டோ கெர்னர் தலைவர். என்ன நடந்தது, ஏன் நடந்தது, மறுபடி மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வது என்று மூன்று கேள்வி. உறுப்பினர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல, நடுவாந்திரமான அரசியல்வாதிகளும் பெரிய மனிதர்களும். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். சதி எதுவும் இல்லை என்றார்கள். மக்களின் குறைகளை வரிசைப்படுத்தியபோது போலீஸ் நடத்தை, வேலை, வீடு மூன்றும் மேலே வந்தன. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று நாடு இரண்டு சமூகமாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்று எழுதினார்கள். கறுப்பினச் சேரியை உண்டாக்கியதும் காப்பதும் வெள்ளை நிறுவனங்கள், அதைச் சகித்துக்கொள்வது வெள்ளைச் சமூகம் என்று பட்டவர்த்தனமாகச் சொன்னார்கள். 1968 மார்ச் தொடக்கத்தில் வெளியான அறிக்கை மலிவுப் பதிப்பாக லட்சக்கணக்கில் விற்றது. வியட்நாம் போர்ச் செலவிலும் தேர்தல் கவலையிலும் மூழ்கியிருந்த ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டிய நன்றிக் கடிதங்களில்கூட அவர் கையெழுத்துப் போடவில்லை.

அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்ன உளவியலாளர் கென்னத் கிளார்க் இதை எதிர்பார்த்தவர்போலப் பேசியிருந்தார். 1919 சிகாகோ அறிக்கையைப் படித்தால் 1935 ஹார்லெம் அறிக்கையைப் படிப்பதுபோல இருக்கிறது, அதைப் படித்தால் 1943, அதைப் படித்தால் வாட்ஸ். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள், அதே ஆய்வு, அதே பரிந்துரை, அதே சும்மாயிருத்தல் என்றார்.

அறிக்கை வந்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது, ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங் சுடப்பட்டார். வாஷிங்டன், சிகாகோ, பால்டிமோர் என்று நூறு நகரங்களுக்கு மேல் கொந்தளித்தன. தலைநகரில் வெள்ளை மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் புகை. நாடாளுமன்றத்தில் நகராமல் கிடந்த நியாய வீட்டுவசதிச் சட்டம் ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, கையெழுத்தானது. கடைசியில் வீட்டுக்கும் ஒரு சட்டம். ஆனால் மீறினால் தண்டிக்கும் பல்லை நிறைவேற்றும்போதே பிடுங்கியிருந்தார்கள். அதைத் திரும்பப் பொருத்த இன்னும் இருபது வருடம் ஆனது.

1955இல் அலபாமாவின் மாண்ட்கமரியில் பஸ் இருக்கையிலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸ் 1957இல் டெட்ராய்ட்டுக்குக் குடிவந்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. தெற்கில் வேலையும் போய், மிரட்டலும் தாங்காமல் வந்தவர். வந்து பார்த்து, பள்ளியிலும் வீட்டிலும் இங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லையே என்றார். 1965 முதல் ஜான் கானியர்ஸின் அலுவலகத்தில் அவருக்கு வேலை. 1967 ஜூலையில் அவர் குடியிருந்தது 12ஆம் தெருவிலிருந்து ஒரு மைல் சுற்றளவில். கணவர் ரேமண்ட் முடிதிருத்துபவர். அந்த வாரம் சூறையாடப்பட்டவற்றில் அவருடைய கடையும் ஒன்று. 1976இல் 12ஆம் தெருவுக்கு ரோசா பார்க்ஸ் பெயர் வைத்தார்கள். கிளேர்மவுண்ட் முனையில் அச்சகம் நின்ற இடத்தில் இப்போது ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது.